டப்பாவுக்குள் என்ன?

என் மகன் எட்டாம் வகுப்பு. கணக்கு என்றால் ஓடி வருவான். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி! "மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கணும், அவ்வளவுதானேம்மா" என்று அலுத்துக்கொள்வான்.

கல்யாணத்துக்கு முன் சில வருஷம் நான் தமிழ் ஆசிரியையாக இருந்தவள். இந்த வயசுப் பிள்ளைகளிடம் "இளங்கோவடிகள், 3 காண்டம், 30 காதை" என்று ஆரம்பித்தால் காதில் ஏறாது. அதெல்லாம் பிறகு. முதல் ஐந்து நிமிஷம் ஒரு கேள்வி வேண்டும்.

ஒரே ஒரு நெல்லிக்காயைத் தட்டில் வையுங்கள். "இதைச் சாப்பிட்டவர் நெடுநாள் வாழ்வார். யாருக்குக் கொடுப்பே?" என்று கேட்டுவிட்டு அதியமான் கதைக்குப் போங்கள். பாரி பாடமா? "முல்லைக் கொடிக்கு ஒரு குச்சி போதாதா, தேர் எதுக்கு?" என்று வாதாட விடுங்கள்.

போன மாதம் அவனுக்குச் சிலப்பதிகாரம், வழக்குரை காதை. அடுக்களையிலிருந்து ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன்.

"இது உன்னுது. இதே மாதிரி பக்கத்து வீட்டு அத்தைகிட்டேயும் ஒண்ணு இருந்தது, காணோம். 'நீதான் திருடினே'ங்கறாங்க. என்ன செய்வே?"

"அவங்க டப்பாவிலே என்ன இருந்ததுன்னு முதல்ல கேட்பேன். அப்புறம் இதைத் திறந்து காட்டுவேன்."

"சபாஷ்! கண்ணகி செய்ததும் அதுதான்" என்றேன். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது. பாண்டியன் உயிரை விட்டான்.

பையன் தானே புத்தகத்தை இழுத்துப் படிக்க ஆரம்பித்தான். சிறிது நேரம் கழித்து, "ராஜா முதல்லேயே விசாரிச்சிருந்தா கோவலன் செத்திருக்க மாட்டானேம்மா?" என்றான். பிறகு மெதுவாக, "நீயும் அன்னிக்கு என்னைக் கேட்கவே இல்லையே..."

சுருக்கென்றது எனக்கு. முந்தின வாரம் அஞ்சறைப் பெட்டியில் வைத்த நூறு ரூபாயைக் காணோம் என்று அவனை அடித்துவிட்டேன். அவர் எடுத்து இஸ்திரிக்காரரிடம் கொடுத்திருந்தார் என்று சாயங்காலம் தெரிந்தது. தெரிந்தும் பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தப்புதான்டா கண்ணா" என்று அன்றைக்குத்தான் சொன்னேன்.

நீங்களும் இப்படி ஒரு கேள்வியோடு பாடத்தை ஆரம்பித்துப் பாருங்களேன். ஒன்று மட்டும்: பிள்ளைகள் திருப்பிக் கேட்பார்கள். அப்போது கோபப்படாதீர்கள்!