முதுகு ஊசியும் நாரி உளைவும்



சிசேரியன் என்றதும் நமது பெண்கள் கத்தியைவிட முதுகில் போடும் விறைப்பு ஊசிக்குத்தான் பயப்படுகிறார்கள். "அதைப் போட்டால் காலம் முழுக்க நாரி உளையும்" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு இருக்கிறது. முழு மயக்கமே வேண்டுமென்று கேட்பவர்களும் உண்டு.

உளைவு பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் அது வருகிறது. பத்து மாதப் பாரம், தளர்ந்த மூட்டுகள், குனிந்து பாலூட்டுவது எல்லாம் நாரியில்தான் இறங்கும். பிரசவ வலிக்குப் போடும் எபிடியூரல் ஊசி இதைவிடத் தடிப்பானது. அதைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018 கொக்ரேன் மீளாய்வு, போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நீண்டகால முதுகுவலியில் வித்தியாசம் காணவில்லை.

முழு மயக்கத்தில்தான் கர்ப்பிணிக்கு ஆபத்து கூட. மூச்சுக்குழாய் வைப்பது கஷ்டமாகலாம், இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போகலாம். முதுகு ஊசியில் தாய் விழித்திருந்து பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்கிறாள்.

ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம். சிலருக்கு எழும்பி இருந்தால் தலையிடி கூடும். அதற்கு வைத்தியம் உண்டு. மறைக்காமல் சொல்ல வேண்டும். வலியைச் சொல்வது ஸப்ருக்கு மாற்றமல்ல.

இரத்தம் உறைவதில் பிரச்சினை உள்ளவர்கள் போன்ற சிலருக்கு இந்த ஊசி சரிவராது. அதை மயக்க மருந்து வைத்தியர் தீர்மானிக்கட்டும். பிள்ளைத்தாச்சியைப் பார்க்கப் போகும் நாம் துஆச் செய்வோம்; பயத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.