இரண்டு உறுதிமொழிகள்

பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்க இந்தியா 1963-லும் இலங்கை 1983-லும் அரசியலமைப்பைத் திருத்தின. இங்கே பதினாறாவது திருத்தம், அங்கே ஆறாவது. நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு உறுதிமொழி எடுக்காதவர் மன்றத்தில் உட்கார முடியாது என்பது இரண்டுக்கும் பொது. இங்கே திராவிட நாடு கோரிக்கை தேர்தல் அரசியலில் கரைந்தது. அங்கே ஈழக் கோரிக்கை ஆயுதம் ஏந்தியவர்கள் கைக்குப் போனது. தடைச் சட்டம்தான் நாட்டைக் காத்தது என்று 1963-ஐக் காட்டுபவர்கள் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

தடைக்குப் பிறகும் ஆட்சியைப் பிடிக்க வழி திறந்திருந்ததா என்பதில்தான் விளக்கம் இருக்கிறது. கோரிக்கையைக் கைவிட்ட திமுக நான்கே ஆண்டுகளில் கோட்டைக்குப் போனது. 1965-ல் மொழிப்போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் கோபத்துக்கு 1967-ல் வாக்குச்சீட்டு கிடைத்தது. இலங்கையிலோ, 1977 தேர்தலில் 18 இடங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராகவே இருந்தார். அதிபர் ஜெயவர்தனா 1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவந்தார். தன் கட்சி உறுப்பினர்களிடமே தேதியிடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்தார். 1982 டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, தேர்தல் இல்லாமலே நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டினார். தமிழர்களைக் குறிவைத்த கறுப்பு ஜூலை வன்முறையில் செத்தவர்களுக்கு நீதி பேச வேண்டிய அந்த மன்றம், 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. பிரமாணம் எடுக்க மறுத்த கூட்டணியினர் பதவி இழந்தார்கள். தமிழர் வாக்களித்து அனுப்பியவர்களையே அரசு வெளியேற்றியது.

ஆயுதக் குழுக்கள் அதற்கு முன்பே இருந்தனவே என்பார்கள். உண்மைதான், யாழ்ப்பாண மேயர் துரையப்பா 1975-லேயே சுடப்பட்டார். ஆனாலும் 1977-ல் மக்கள் வரிசையில் நின்று வாக்குச்சீட்டைத்தான் நம்பினார்கள். முதலில் ஒழுங்கு, பிறகு உரிமை என்பவர்களுக்கு மதுரைக்காரர்கள் பக்கத்து ஊரையே காட்டலாம். 1914-ல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. முறையிட மன்றமில்லாத மக்களிடம், கைரேகை பதியச் சொன்ன அந்தச் சட்டம் எதிர்ப்பைத்தான் வளர்த்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களை அரசு சுட்டுக் கொன்றது.

இலங்கையைப் பார்த்து நாம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் இடமில்லை. காஷ்மீரின் 1987 தேர்தலில் முறைகேடு நடந்ததாகப் பரவலான குற்றச்சாட்டு உண்டு. அதில் ஸ்ரீநகர் அமீரா கதல் தொகுதியில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட யூசுப் ஷாதான், பின்னாளில் சையத் சலாவுதீன் என்ற பெயரில் ஹிஸ்புல் முஜாஹிதீனுக்குத் தலைவரானார். அவர் எடுத்த ஆயுதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் முதலில் வேட்புமனுவோடுதான் வந்தார்.