சிங்கையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவருவது யார் செலவு?

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஒரு தனியார் பேருந்தின் அடியில் சிக்கி 33 வயதுத் தமிழகக் கட்டுமானத் தொழிலாளி இறந்தார். அடுத்து மூண்ட கலவரம் உலகச் செய்தியானது. விசாரணைக் குழு, மது விற்பனைக் கட்டுப்பாடு, நாடு கடத்தல் என்று மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. அந்த மனிதரின் உடல் விமானத்தில் ஏறிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அவருடைய கிராமத்துக்குப் போனது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

சிங்கையில் இறக்கும் எல்லோர் மீதும் அப்படி ஒரு நாட்டின் பார்வை விழுவதில்லை. தூங்கப் போனவர் காலையில் எழுந்திருக்க மாட்டார். சாரத்திலிருந்து விழுந்தார் என்று முதலாளி போன் செய்வார். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து, அங்கிருந்து விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் ஜோகூர் பாலம் தாண்டிப் போகிற நம் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. அந்த நேரத்தில் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பதுதான். யார் கொடுக்க வேண்டும் என்பதைப் பலரும் கேட்பதே இல்லை.

சிங்கப்பூர்ச் சட்டம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. வேலை பெர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி இறந்தால், அடக்கம், தகனம் அல்லது உடலைத் தாயகத்துக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. அவருடைய உடைமைகளைக் குடும்பத்திடம் சேர்ப்பதும் முதலாளியின் பொறுப்பே. பாக்கிச் சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும். பெர்மிட் கொடுக்கும்போதே மனிதவள அமைச்சு விதிக்கும் நிபந்தனை இது. முதலாளி இரக்கப்பட்டுச் செய்யும் தர்மம் அல்ல.

ஆனால் அந்த விதியில் ஒரு 'அல்லது' இருப்பதைக் கவனியுங்கள். மண்டாயில் தகனம் செய்து அஸ்தியைக் கொடுப்பதும் அதில் அடங்கும். முழு உடலையும் அனுப்புவதும் அதில் அடங்கும். இரண்டின் செலவும் ஒன்றல்ல. அதனால் "உடல் எங்களுக்கு வேண்டும்" என்று குடும்பம் முதல் நாளே, முடிந்தால் எழுத்தில், சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று, ஏற்பாட்டையும் செலவையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகக் குடும்பம் சொல்லிவிட்டால் முதலாளியின் பொறுப்பு அங்கேயே விலகிவிடும்.

என் பார்வையில் மலேசியக் குடும்பங்களுக்கு இதில்தான் ஆபத்து. புதுக்கோட்டைக்காரர் விமானத்தை நினைத்து மலைக்கிறார், அதனால் முதலாளியிடம் கேட்கிறார். நமக்கோ பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். "பக்கம்தானே, நாமே வண்டி பிடித்துக் கொண்டுவந்து விடலாம்" என்று தோன்றுவது இயல்பு. உறவினர்கள் கைமாற்று வாங்கிப் பிரேத வண்டிக்குக் கொடுத்த பிறகு, அந்தப் பணத்தை முதலாளியிடம் திரும்பக் கேட்பது சுலபமில்லை.

பாலம் பக்கம்தான், தாள்கள் பக்கமில்லை. விபத்து அல்லது சந்தேக மரணம் என்றால் முதலில் போலீஸ், பிறகு மரண விசாரணை அதிகாரி. தேவைப்பட்டால் பிரேதப் பரிசோதனை நடக்கும். இதில் யாரும் அவசரப்படுத்த முடியாது. 2022 மே 29 முதல் சிங்கப்பூரில் இறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில் மட்டுமே கிடைக்கிறது. முத்திரை குத்திய தாளைத் தேடி அலைய வேண்டாம். இறப்பு ஆவண எண்ணைக் கேட்டு வாங்கி, 30 நாளுக்குள் இணையத்தில் பதிவிறக்கிக் கொள்ள வேண்டும். உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, பெட்டியை மூடி முத்திரையிட்டதற்கான சான்று, உடலை வெளியே கொண்டுபோகத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி ஆகியவையும் வேண்டும். இந்தப் பக்கம், 2006-ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் நம் சுகாதார அமைச்சின் இறக்குமதி அனுமதி தேவை. ஆம், சட்டத்தின் மொழியில் மனித உடலும் 'இறக்குமதி'தான். மலேசியத் தூதரகத்துக்கும் தேசியப் பதிவிலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஈமச்சேவை நிறுவனங்கள் இவற்றைச் செய்து தரும். விலை பேசும்போது, சொல்லும் தொகை ஜோகூர் பாருவோடு நிற்கிறதா, குளுவாங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ உள்ள வீட்டு வாசல் வரையிலா என்று தெளிவாகக் கேளுங்கள்.

உடல் வந்து காரியம் முடிந்த பிறகுதான் பெரிய தொகையின் கேள்வி வருகிறது. வேலையின்போது நேர்ந்த விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு, வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்குக் குறைந்தது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 269,000 வெள்ளி. எல்லாம் சிங்கப்பூர் வெள்ளி. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, ஆனால் ஓராண்டுக்குள் கோர வேண்டும். வேலைக்குத் தொடர்பில்லாத மரணம் இதில் வராது. லிட்டில் இந்தியாவில் இறந்தவர் அன்று வேலையில் இல்லை. அது அவருடைய விடுமுறை மாலை. விடுதிக் கட்டிலில் மாரடைப்பால் போகிறவரின் குடும்பமும் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்கும். முதலாளி கட்டாயமாக எடுக்கும் மருத்துவக் காப்புறுதி மருத்துவமனைக் கட்டணத்துக்குத்தான்.

தமிழகத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு ஓட்டை. குடிபெயர்வு அனுமதி பெற்று வெளிநாடு போகும் தொழிலாளருக்கு இந்திய அரசு 10 லட்சம் ரூபாய்க் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உடலைக் கொண்டுவரும் செலவும் அதில் உண்டு. அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. முதலாளி கைவிட்டால், தூதரகம் வழியாக 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியைத்தான் நாட வேண்டும்.

சிங்கப்பூர் நிரந்தரவாசியாகிவிட்ட மலேசியர்களின் கதை வேறு. அவர்களுக்கு வேலை பெர்மிட் இல்லை, ஆகவே முதலாளி மீதான இந்த நிபந்தனையும் இல்லை. அவர்களிடம் இருப்பது மத்திய சேமநிதி. வாரிசு நியமனம் செய்திருந்தால் பணம் அவர்களுக்கு நேராகப் போகும். இல்லையென்றால் பொது அறங்காவலர் வழியாக, உறவுமுறை ஆவணங்களைக் காட்டி, கட்டணமும் செலுத்திப் பெற வேண்டும். திருமணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதிவைத்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாலி கட்டியதும் அந்த நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். மனைவிக்கோ அம்மாவுக்கோ, யாருக்கு என்றாலும் மறுபடி எழுத வேண்டும்.