டீசல் எங்கே போகிறது? கணக்குக் கேட்போம், வாருங்கள்!

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைக்கும் எங்கள் பிள்ளைகளே!

பொங்கலூர், குண்டடம், பல்லடம், அவிநாசி என்று எந்தப் பக்கம் கூட்டம் போட்டாலும் உறுப்பினர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "ஏனுங்க, 12 குடுத்த வண்டி இப்ப 9 கூடக் குடுக்க மாட்டேங்குது." பட்டறையில் கேட்டால் பங்க்கைக் கைகாட்டுகிறார்கள். பங்க்கில் கேட்டால் "டிரைவர மாத்துங்க" என்கிறார்கள். அதிகாரியிடம் கேட்டால் "வண்டிய ஒழுங்கா மெயிண்டெய்ன் பண்ணுங்க" என்று புத்தி சொல்கிறார். ஆக மொத்தம் குற்றவாளி யார்? வழக்கம்போல விவசாயிதான்!

இந்தக் கதையை நாம் இனிக் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. முதலில் கணக்கைப் பார்ப்போம். தோட்டத்திலிருந்து திருப்பூர் உழவர் சந்தைக்குப் போகவர 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கொடுத்தால் ஆறே முக்கால் லிட்டருக்குள் முடியும். 9 கொடுத்தால் ஒன்பது லிட்டர் ஆகும். நடைக்கு இரண்டேகால் லிட்டர் நட்டம். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் நடைக்கு 200 ரூபாய். மாதம் 25 நடை போனால் 5,000 ரூபாய் புகையாகப் போகிறது. உடுமலைப் பக்கம் தக்காளி 14 கிலோ பெட்டி 100 ரூபாய்க்குக் கீழே இறங்கிய நாட்களை நாம் மறக்கவில்லை. அந்த நாளில் இரண்டு பெட்டி தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டுப் போவதும் இதுவும் ஒன்றுதான்.

"எனக்கு வண்டி இல்லைங்க, எனக்கென்ன?" என்று ஒதுங்க வேண்டாம். வண்டிக்காரன் அந்த 200 ரூபாயைத் தன் கையிலிருந்தா போடுவான்? மூட்டைக்கு ஏற்றுவான், பெட்டிக்கு ஏற்றுவான். கடைசியில் வருவது உங்கள் வெங்காயத்தின் தலையில்தான்.

ஊரான் மேல் குற்றம் சொல்லும் முன் நம் வண்டி சுத்தமாக இருக்க வேண்டும். எதிராளி வாயை அடைக்க அது ஒன்றுதான் வழி. டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடியும் அதே பங்க்கில், அதே குழாயில், அதே விளிம்பு வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். 500 ரூபாய்க்கு அடித்து முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது மைலேஜ் ஆகாது. ஒரு தடவை போதாது, மூன்று தடவை செய்யுங்கள். மீட்டரே பொய் சொல்கிறதா என்று காங்கயம் ரோட்டில் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சரிபாருங்கள். லோடு எவ்வளவு, எந்த ரோடு, எத்தனை நேரம் நின்றோம் என்பதும் நோட்டில் ஏற வேண்டும்.

அதன் பிறகு வண்டியைப் பாருங்கள். டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பிடிக்க வேண்டும். காற்று குறைந்த டயர் சேற்றில் நடக்கிற மாடு மாதிரி, இழுவை முழுக்க இஞ்சின் மேல். இதில் ஒரு வேடிக்கை. பங்க்கில் காற்று இலவசமாகப் பிடித்துத் தர வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளின் விதி. எத்தனை இடத்தில் "மெஷின் ரிப்பேர்" என்ற அட்டை தொங்குகிறது என்று நாம் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது ஏர் கிளீனர். நம் பக்கத்துச் செம்மண் புழுதியும், பனியன் கம்பெனி வாசலில் பறக்கிற பஞ்சும் அதை மூன்று மாதத்தில் கம்பளி ஆக்கிவிடும். மூச்சு விட முடியாத இஞ்சின் கருப்புப் புகையைத்தான் கக்கும். அந்தப் புகை முழுக்க எரியாமல் போன டீசல். ஏர் கிளீனரை மாற்றியும் புகை நிற்கவில்லையா? நாசில் தேய்ந்திருக்கும், இல்லை டர்போ ஹோஸ் விரிந்திருக்கும். பம்ப் நாசில் டெஸ்ட் செய்கிற கடைக்குப் போங்கள். ரோட்டோரத்தில் "செட்டிங்" மாற்றுகிறவர் கையில் கொடுக்காதீர்கள்.

பிரேக் ஒட்டிக்கொண்டிருப்பது யார் கண்ணுக்கும் படாத திருட்டு. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கேதான் உங்கள் டீசல் போகிறது. மேடு ஏறும்போது இஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச். இன்னொன்று, இது நம்ம ஊர் மெக்கானிக்குகளின் பழைய வியாதி: "வெயில் ஊருங்க, இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடும். சூடு ஏறாத இஞ்சின் டீசலைக் கூடத்தான் குடிக்கும். கழற்றியிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகள் பலவற்றில் சைலன்சர் பக்கம் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் ஒன்று உண்டு. கரி சேர்ந்ததும் வண்டியே கூடுதல் டீசலை விட்டு அதை எரித்துத் தள்ளும். வண்டி கொஞ்ச நேரம் சீராக ஓடினால்தான் அது முழுசாக எரியும். நம் பிள்ளைகள் ஓட்டுவது எங்கே? காலையில் சந்தை லோடு முடித்ததும் நிட்டிங்கிலிருந்து டையிங், டையிங்கிலிருந்து காம்பாக்டிங் என்று இரண்டு இரண்டு கிலோமீட்டர் நடை. பாதி எரிந்து நிற்கும், மறுபடி தொடங்கும், ஒவ்வொரு தடவையும் டீசல் போகும். விளக்கு எரிந்தால் பல்லடம் தாண்டி நெடுஞ்சாலையில் கால் மணி இருபது நிமிஷம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். வண்டி விற்கும்போது இதை எத்தனை ஷோரூமில் சொன்னார்கள்?

கம்பெனி கேட்டில் "பீஸ் ரெடியாகுது, இருங்க" என்று இஞ்சின் ஓட ஓட ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் அரை லிட்டர் போயிற்று. அதற்குக் காத்திருப்புக் கூலி கேட்டால் "வேற வண்டி இருக்கு" என்று பதில். ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றச் சொல்வதும் அவர்களே, மைலேஜ் வரலை என்றால் சிரிப்பதும் அவர்களே!

சந்தைக்குச் சந்தை வந்து மைலேஜ் கூட்டுகிற காந்தம், மாத்திரை, மருந்து என்று விற்கிறவர்களிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். டீசல் பைப்பில் காந்தம் கட்டினால் 30 சதம் மிச்சம் என்றால் வண்டி செய்கிற கம்பெனிக்காரன் முட்டாளா? அதிகாலையில் அடித்தால் அளவு கூட வரும் என்பதும் வாட்ஸ்அப் கதைதான். மண்ணுக்கடியில் இருக்கிற டேங்க் காலைக்கும் மத்தியானத்துக்கும் அப்படியொன்றும் சூடு மாறாது.

இத்தனையும் சரி செய்த பிறகும் மைலேஜ் வரவில்லையா? இப்போது பங்க்குக்குப் போவோம். பிச்சைக்காரனாக அல்ல, சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் குவளை இருக்க வேண்டும். நாம் கேட்டால் நம் முன்னால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்தப் பம்ப் ஓடக் கூடாது. 25 மில்லி என்றால் அரை சதம். நியாயமாகவே சொல்கிறோம்: 12 கொடுத்த வண்டி 9க்கு இறங்கியது நாலில் ஒரு பங்கு இழப்பு. அளவில் மட்டும் அவ்வளவு அடிக்க எந்தப் பங்க்காலும் முடியாது. அதனால்தான் வண்டியை முதலில் பார்க்கச் சொன்னோம். ஆனால் 2017 ஏப்ரலில் லக்னோவில் உத்தரப்பிரதேச சிறப்புக் காவல் படை பங்க் பங்க்காகச் சோதனை போட்டு, பம்ப்புக்குள் ஒளித்து வைத்து ரிமோட்டில் இயக்கிய சிப்களைப் பிடித்தது. அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று எவராவது பத்திரம் எழுதித் தருவாரா?

அளவு சரியாக இருந்தாலும் சரக்கு சரியாக இருக்க வேண்டுமே. அன்றைய டீசலின் அடர்த்தியைப் பங்க்கில் எழுதி வைக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் கேட்டால் கொடுக்க வேண்டும். 15 டிகிரிக்கு மாற்றிய கணக்கு, டேங்கர் வந்தபோது எழுதியதிலிருந்து 3க்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. மண்ணெண்ணெய் டீசலைவிட லேசு, லிட்டருக்கு அதில் இருக்கிற சக்தியும் குறைவு, வழவழப்பும் குறைவு. மைலேஜும் போகும், பம்ப்பும் நாசிலும் தேயும். ரேஷன் மண்ணெண்ணெய் சுருங்கிப் போனதால் அந்தக் கலப்படம் முன்னைப்போல லாபமில்லை. அதற்குப் பதிலாக "பயோ டீசல்" என்ற பெயரில் ஷெட்டில் பேரல் வைத்து மலிவாக ஊற்றுகிறார்கள். பில் இல்லை, அடர்த்தி இல்லை, கேட்க நாதி இல்லை. லிட்டருக்குப் பத்து ரூபாய் மிச்சம் என்று போய், நாசிலுக்குப் பல ஆயிரம் அழாதீர்கள்.

கலப்படம் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறோம்: மஞ்சுநாத். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்துப் பையன், 27 வயது, இந்தியன் ஆயில் விற்பனை அதிகாரி. உத்தரப்பிரதேசம் லக்கிம்பூர் கேரியில் கலப்படம் செய்த பங்க்கை மூடி சீல் வைத்தார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். ஒரு நேர்மையான அதிகாரி உயிரைக் கொடுத்துக் காத்த விதியை, நாம் வாய் திறந்து கேட்கக் கூடவா கூச்சப்பட வேண்டும்?

சரி, வண்டியும் நேர், பங்க்கும் நேர் என்றே வையுங்கள். ரோடு? மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டினால் டீசல் மிச்சம் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் வருஷா வருஷம் நோட்டீஸ் ஒட்டுகிறது. நல்ல யோசனை. எந்த ரோட்டில் என்று மட்டும் சொல்லவில்லை! குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை, பாதாளச் சாக்கடைக்கு ஒரு தடவை என்று தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிய திருப்பூர் ரோட்டில் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான் ஓடும். குழிக்குக் குழி பிரேக், குழி தாண்டினால் ஆக்சிலேட்டர். நம் டேங்க் காலியாவது இங்கேதான் அதிகம்.

அந்த ரோட்டுக்கு நாம் காசு கொடுக்கவில்லையா? 2014 தொடக்கத்தில் டீசலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதம், கச்சா எண்ணெய் உலகமெங்கும் அடிமட்டத்தில் கிடந்தபோது, ஒரே இரவில் 13 ரூபாய் ஏற்றி 31 ரூபாய் 83 காசு ஆக்கினார்கள். அதில் சாலை செஸ் மட்டும் 18 ரூபாய். 2021 நவம்பர் வரை ஒவ்வொரு லிட்டருக்கும் 18 ரூபாய் ரோட்டுக்காகக் கட்டிக்கொண்டே குழியில் விழுந்து எழுந்தோம். 2021 பட்ஜெட்டில் இன்னொரு கூத்து: வேளாண் உட்கட்டமைப்பு செஸ் என்று டீசலில் லிட்டருக்கு 4 ரூபாய். விவசாயி பெயரைச் சொல்லி விவசாயி டீசலிலேயே வசூல்! 2021லும் 2022லும் குறைத்தார்கள், மறுக்கவில்லை. குறைத்த பிறகும் 15 ரூபாய் 80 காசு நின்றது. 2014ஐப் போல நாலு மடங்குக்கும் மேல். 2025 ஏப்ரலில் அதிலும் 2 ரூபாய் ஏற்றினார்கள்.

மாநில அரசும் சளைத்ததல்ல. 2020 மே 4 முதல் டீசலுக்கு 11 சதமும் அதன் மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று வரியை மாற்றினார்கள். விலை இறங்கினாலும் அந்த 9 ரூபாய் 62 காசு இறங்காது. 2021 தேர்தல் அறிக்கையில் டீசலுக்கு 4 ரூபாய் குறைப்பதாக தி.மு.க. சொன்னது. ஆட்சிக்கு வந்த ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது. டீசலுக்கு ஒன்றும் இல்லை.

இது பெருமாநல்லூர் இருக்கிற மண். 1970 ஜூன் 19 அன்று, மின் கட்டண உயர்வை எதிர்த்து நின்ற மூன்று விவசாயிகள் அங்கே துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு அழைத்தபோது நம் அப்பன்மார் மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு போய்க் கோயமுத்தூர் ரோடுகளை அடைத்தார்கள். அவர்கள் பைசாவுக்குக் கணக்குக் கேட்டார்கள். நாம் லிட்டருக்குக் கேட்கிறோம்.

நாம் கேட்பது இதுதான். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் பங்க்குகளைத் திடீர்ச் சோதனை செய்ய வேண்டும், விவசாயிகள் பிரதிநிதி கூட நிற்க வேண்டும், முடிவைப் பங்க் வாசலில் ஒட்ட வேண்டும். தோண்டிய ரோட்டை மூடி தார் போடாமல் காண்டிராக்டருக்குப் பணம் பட்டுவாடா செய்யக் கூடாது. ஒரு மணிக்கு மேல் வண்டியை நிறுத்தினால் காத்திருப்புக் கூலி தர வேண்டும். மீனவர்களுக்கு விற்பனை வரி இல்லாமல் டீசல் கொடுக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கொடுப்பது நியாயம். காட்டிலிருந்து சந்தைக்குப் போகிறவர்களுக்கும் டிராக்டருக்கும் கொடு என்கிறோம்.

இன்று தொடங்கி ஒரு மாதம் எல்லோரும் நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், லிட்டர், பங்க், லோடு, நின்ற நேரம். ஒவ்வொரு தடவையும் பில் வாங்குங்கள், பில்லின் மை ஆறு மாதத்தில் அழிந்துவிடும் என்பதால் போட்டோவும் எடுத்து வையுங்கள். ஊருக்கு நாலு பேர் சேர்ந்து பங்க்கில் 5 லிட்டர் அளந்து பாருங்கள், சண்டை போடாமல், செல்போனில் படம் பிடித்துக்கொண்டு. அளந்த டீசலுக்குக் காசு கொடுத்து வண்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் முடிந்து வருகிற குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசுக்கு அத்தனை நோட்டும் வர வேண்டும். வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு, இல்லாதவர்கள் வாடகை கொடுத்த சீட்டோடு வாருங்கள். காலை 9 மணிக்குப் பல்லடம் ரோட்டில் கூடுகிறோம். ஆம்புலன்சுக்கும் பள்ளிக்கூட வண்டிக்கும் வழி விட்டு, இடது ஓரமாக வரிசையில் நிறுத்துங்கள். இஞ்சினை அணைத்துவிடுங்கள்.

இவண்,
சங்கச் செயலாளர்