ருசித்தேன், துப்பினேன்!

என் தம்பி மகன் பிரான்ஸ் நாட்டில், ஸ்த்ராஸ்பூர்க் நகரத்தில் வேலையாக இருக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, “அத்தை, ஒரு நாள் சுற்றுலா இருக்கிறது. ஏழெட்டுப் பேர்தான். வேனில் கிராமங்களுக்கு அழைத்துப் போய் வெள்ளை ஒயின் ருசி பார்க்கக் கொடுப்பார்கள்” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் அப்பாவுக்காகக் காத்து நின்று வளர்ந்தவள் நான். சம்பள நாளன்று அம்மா என்னைத்தான் அனுப்புவார். பெண் பிள்ளை நிற்பதைப் பார்த்தால் பாதிச் சம்பளமாவது வீடு வந்து சேருமே என்ற நம்பிக்கை. சில மாதம் சேர்ந்தது. சில மாதம் நான் மட்டும் வீடு வந்து சேர்ந்தேன்.

“குடிக்க வேண்டாம் அத்தை, ஊரைப் பாருங்கள்” என்று அவன் கெஞ்சிய பிறகுதான் வேனில் ஏறினேன்.

அந்தப் பகுதிக்கு அல்சேஸ் என்று பெயர். ஜெர்மன் எல்லையை ஒட்டியது. 1871இல் ஜெர்மனிக்குப் போனது, 1918இல் பிரான்சுக்குத் திரும்பியது, 1940இல் மறுபடி ஜெர்மனி பிடித்துக்கொண்டது, போர் முடிந்தபோது மறுபடி பிரான்ஸ். ஒரு கிழவி அடுப்படியை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள்! இங்கே ‘ஒயின் பாதை’ என்று சுமார் 170 கிலோமீட்டர் நீளச் சாலையை 1953இல் திறந்தார்கள். மேற்கே வோஸ்ஜ் மலை மழையைத் தடுத்துவிடுகிறது. கொல்மார் நகரத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர்தானாம். நம் ஊரில் இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுமே!

மலைச்சரிவு முழுவதும் திராட்சைக் கொடிகள், நம் பால்மரம் போலவே நிரை நிரையாக. நாங்கள் போனது அறுவடைக் காலம். முதுகு வளைத்துக் கொத்து வெட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் என் இடுப்பு வலித்தது. வழிகாட்டிப் பெண் ஒரு கொடியின் அடித்தண்டைத் தொட்டுக் காட்டினாள். வேர் ஒரு ஜாதி, மேலே காய்ப்பது ஒரு ஜாதி. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கொடிகளின் வேரைத் தின்று அழித்துவிட்டதாம். அந்தப் பூச்சிக்கு அசையாத அமெரிக்க வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். “எங்கள் ரப்பர் கன்றும் ஒட்டுதான்” என்று தம்பி மகனை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவள் முகத்தில் என்ன வியப்பு! அதற்குப் பிறகு வேனில் முன் இருக்கை எனக்குத்தான்.

எகிஷைம் என்ற கிராமம். தெருக்கள் வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றி வருகின்றன. ஒரு வீட்டு நிலவறையில் என் வயதுள்ள அம்மாள் ஒருவர் கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக வைத்தார். பழத்தைப் பறித்ததும் பிழிந்து, தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவது வெள்ளை ஒயின். தோலோடு நொதித்தால் சிவப்பு. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துப் போகிறதே, அதே வேலைதான். இங்கே மெதுவாக, வாரக் கணக்கில் நடக்கிறது. ஆனால் கள்ளைவிட இரண்டு மூன்று மடங்கு போதை, நினைவிருக்கட்டும்.

முதலில் ரீஸ்லிங், புளிப்பு. கடைசியில் கெவுர்ஸ்த்ரமினெர், வாயில் நுழையாத பெயர். மோந்து பார்த்தேன். அப்படியே லைச்சிப் பழம்! பக்கத்தில் ஒரு பாத்திரம் இருந்தது. ருசி பார்க்கிறவர்கள் அதில் துப்பிவிடுவார்களாம். துப்பினால் மரியாதைக் குறைவில்லை. தொழில் தெரிந்தவர்களே அப்படித்தான் செய்கிறார்களாம். ஒரு வாய் வைத்தேன். அம்மாவை நினைத்துக்கொண்டே துப்பினேன்.

அந்த அம்மாள் கவனித்துவிட்டார். ஏன் என்று கேட்டார். கள்ளுக்கடைக் கதையைச் சொன்னேன். ‘இவர்கள் குடிக்கத் தெரிந்தவர்கள், நாம்தான் கெட்டுப்போனோம்’ என்று நம்மில் சிலர் பேசுவார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் அண்ணனும் இதே நிலவறையில் குடித்தே போனான் என்றார். “பீப்பாய் வீட்டிலேயே இருந்தது. வாசலில் காத்து நிற்கக்கூட எங்களுக்கு இடமில்லை” என்றார்.

மற்றவர்கள் புட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் வாங்கவில்லை. அடுத்துப் போன ரிக்விர் அழகான ஊர்தான், ஆனால் ஒரே கூட்டம். என் மனம் அங்கே ஒட்டவில்லை.

புறப்படும்போது அந்த அம்மாள் இளஞ்சிவப்புத் திராட்சை ஒரு கொத்து என் கையில் வைத்திருந்தார். அந்த லைச்சி வாசனை ஒயினுக்கு உரிய பழமாம். வேனில் அதைத்தான் தின்றுகொண்டு வந்தேன். சின்னச் சின்னப் பழம், விதை உண்டு. தம்பி மகனுக்கும் பாதி கொடுத்தேன்.