பெட்டியில் உறங்கும் எழுத்துகள்



அம்பத்தூரில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஓர் அட்டைப்பெட்டியுடன் என் இல்லம் வந்தார். காலஞ்சென்ற தம் தந்தையார் தட்டெழுதிய குடும்ப வரலாறு, அதிலுள்ள ஐந்து பிளாப்பி வட்டுகளில் உள்ளதாம். அவற்றைப் படிக்கவல்ல கணிப்பொறி வீட்டில் இல்லை. "எறிந்துவிடலாமா, ஐயா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370 பெருங்கணிப்பொறி நிறுவப்பெற்ற நாள்களில், உலகெங்கும் செய்திகளைக் காத்தவை காந்த நாடாக்களும் வட்டுகளுமே. நாடாவின் நடுவிலுள்ள செய்தியை அடைய, பாட்டு கேஸட்டைப் போல, முன்பகுதி முழுவதையும் சுற்றிக் கடக்க வேண்டும். வட்டிலோ படிக்கும் முனை வேண்டிய இடத்திற்கு நேரே செல்லும். 1971-இல் 8 அங்குலமாக வந்த பிளாப்பி, 1976-இல் 5¼ அங்குலமாகவும் 1981-இல் 3½ அங்குலமாகவும் சுருங்கிற்று. 3½ அங்குல வட்டில் பின்னாளில் 1.44 மெகாபைட், அதாவது ஏறத்தாழ 14 இலட்சம் ஆங்கில எழுத்துகள், அடங்கின.

நாடாவும் வட்டும் காந்தப் பூச்சுப் பெற்ற பிளாஸ்டிக்கே. நம் ஈரக்காற்றில் அவற்றின்மேல் பூஞ்சை படரும். பூஞ்சை படர்ந்த வட்டை அப்படியே செலுத்தினால், வட்டும் கெடும். படிக்கும் முனையும் கெடும். எனவே முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 3½ அங்குல வட்டின் மூலையிலுள்ள சிறு சாளரத்தைத் திறந்து வையுங்கள். அப்போது அதன்மேல் எதுவும் தவறுதலாக எழுதப்படாது. யு.எஸ்.பி. வழி இணையும் பிளாப்பிக் கருவியால் அதைப் படிக்கலாம். 5¼ அங்குல வட்டுக்குப் பழைய கருவியே வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. யூனிகோடு பரவுமுன் தட்டெழுதிய தமிழ், அன்றைய எழுத்துரு இன்றேல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஆதலால் எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் படியெடுத்து, பின்பு யூனிகோடுக்கு மாற்றுக.

நண்பரின் ஐந்து வட்டுகளில் மூன்று பிழைத்தன. இரண்டு பூஞ்சைக்கு இரையாயின. பாட்டனார் வரலாறு கிடைத்தது. பாட்டியார் வரலாறு போயிற்று. "முன்னமே வந்திருக்கலாம்" என்று அவர் கண் கலங்கினார்.

ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்தே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர். நாடா இன்றும் மறையவில்லை. 2021-இல் வந்த எல்.டி.ஓ.-9 நாடா ஒன்றில் 18 டெராபைட் அடங்கும். அதையும் ஒருநாள் படியெடுத்தே ஆகவேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் அத்தகைய பெட்டி உண்டா? இவ்வாரமே இறக்கிப் பாருங்கள்.