சிறை முடிந்தபின் இன்னொரு சிறை

திருச்சிராப்பள்ளிக் கொட்டப்பட்டில், நடுவண் சிறை வளாகத்துக்குள்ளேயே ‘சிறப்பு முகாம்’ என்றோர் இடம் உள்ளது. வழக்கில் சிக்கிய ஈழத்தமிழரும் பிற அயல்நாட்டாரும் அங்கு வைக்கப்படுகின்றனர். பெயர்தான் முகாம். வாயிலில் காவலர், உள்ளிருப்போர் தம் விருப்பப்படி வெளியேற இயலாது. பிணை பெற்றவனும் அங்கே, ஒறுப்புக் காலத்தை முற்றக் கழித்தவனும் அங்கே!

அயல்நாட்டான் இன்ன இடத்தில்தான் தங்க வேண்டுமென ஆணையிடும் உரிமையை 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அளித்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அதனிடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. அவ்வுரிமை மட்டும் போகவில்லை. முறைமன்றம் விதிக்கும் சிறைக்கு ஆண்டுக்கணக்கு உண்டு. முகாமுக்கு எந்தக் கணக்கு?

இராசீவ் காந்தி கொலை வழக்கில் அறுவரை உச்ச முறைமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்தது. ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு. இந்தியக் குடியுரிமை உடைய நளினியும் இரவிச்சந்திரனும் வெளியே வந்தனர். நளினியின் கணவர் முருகன், சாந்தன், இராபர்ட் பயசு, செயக்குமார் ஆகிய ஈழத்தார் நால்வரும் கொட்டப்பட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். முப்பதாண்டுச் சிறை போதவில்லை போலும்! முதிய தாயைக் காண ஊர் திரும்ப வேண்டுமெனச் சாந்தன் கெஞ்சினார். ஓராண்டுக்கு மேல் கழிந்தபின், 2024 பிப்ரவரியில் இசைவு வந்தது. வந்த சில நாள்களிலேயே, 28-ஆம் நாள், சென்னை மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. யாழ்ப்பாணத்துத் தாயிடம் உடல்தான் போய்ச் சேர்ந்தது. எஞ்சிய மூவர் ஏப்பிரல் 3 அன்று கொழும்புக்கு அனுப்பப்பட்டனர்.

குற்றம் செய்த அயலானை வெளியேற்ற எந்நாட்டுக்கும் உரிமை உண்டு, அதை மறுப்பாரில்லை. சிறைக்காலம் முடித்த ஈழத்தமிழர் ஒருவர், ஊர் திரும்பினால் உயிருக்குக் கேடு, மனைவி மக்களும் இங்கேயே உள்ளனர் என 2025 மே திங்களில் முறையிட்டார். இந்தியா அறச்சாலையன்று என்றது உச்ச முறைமன்றம். அரங்கனை வழிபட வருவோர்க்கெனத் திருவரங்கத்தில் சத்திரங்கள் உள்ளன. அங்கே தங்குவோரை உள்ளே விட்டு வெளிப்பக்கம் பூட்டும் வழக்கம் இல்லை!

போக விரும்புவோனைக் கிழமைக் கணக்கில் காலவரையறை வைத்து அனுப்புக. அஞ்சுவோனின் அச்சத்தை முறைமன்றம் ஆராய்ந்து தீர்ப்புரைக்கட்டும். அதுவரை அவன் காவல் நிலையத்தில் கையொப்பமிட்டுக்கொண்டு மனைவி மக்களோடு வெளியே வாழட்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா.